நான்காம் மாடியில் அறுபத்துமூன்று ஃபோல்டர்கள்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஃபோல்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஃபோர்மேன்கூட அக்கா என்றுதான் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. பராமரிப்புப் பிரிவில், தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஓர் அறையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தாள். மோட்டார் ஓடும்போதெல்லாம் மேசைமேல் பேனா தானாக நகரும். விளிம்புக்கு வரும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிப் பிடித்துவிடுவாள்.

மருத்துவமனையில் ஐந்து கட்டடங்கள். கட்டடத்தில் மாடிகள், மாடியில் அறைகள், அறையில் கருவிகள்: புகை வந்தால் கத்தும் கருவி, தீயணைப்பான், மின்சாரம் போனால் எரியும் விளக்கு, ஆக்சிஜன் குழாயை மூடும் வால்வு. ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு ஃபோல்டர். வருடத்துக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் மாடி, மாடிக்குள் அறை, அறைக்குள் கருவி. எலெக்ட்ரீஷியன்கள் போய்ச் சோதித்துப் போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்ட தாளோடு சேர்த்து அந்தந்த ஃபோல்டரில் போடுவார்கள். மாதக் கடைசியில் காலியாகக் கிடக்கும் ஃபோல்டர்களை அவள் எண்ணுவாள். காலி ஒன்றும் இல்லையென்றால் நூற்றுக்கு நூறு. பிரிவின் தலைவரான பெரிய இன்ஜினியர் அந்த நூற்றுக்கு நூறைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

ஃபோல்டர் ஒவ்வொன்றின் பெயரிலும் வருடம் இருந்ததால், புது வருடம் பிறந்ததும் அவளுக்கு இரண்டு வாரம் வேறு வேலை ஓடாது. போன வருடத்தைப் பார்த்துப் பார்த்து இந்த வருடத்துக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். வலது கிளிக், புது ஃபோல்டர், பெயர் தட்டு, உள்ளே போ, மறுபடி வலது கிளிக். இரண்டாயிரத்துக்கும் மேல். அலுக்காமல் செய்வாள். தாளில் தேதி ஓர் எழுத்துத் தவறியிருந்தாலும் எலெக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "எங்கிட்ட ஒண்ணும் தப்பாது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். மற்றவர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் மட்டும், "எங்க வீட்டு அலமாரியில என் பனியனுக்குத் தனி லேபிள் இருக்குப்பா. நான் எங்க இருக்கணும்னுதான் லேபிள் ஒட்டல" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நாற்பத்தேழாம் வயதில் வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் விரல்கள் தம் பாட்டுக்கு விட்டுவிடும். எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்கியிருக்கிறது, மவுஸைக் குறைக்கவில்லையென்றால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றார்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை நிர்வாகம் கூட்டிவந்து, ஐந்து கட்டடங்களையும் புதிதாகக் கணக்கெடுக்கச் சொன்னது. ஆட்கள் இரண்டு மாதம் அறை அறையாக நடந்து, கண்ணில் பட்ட கருவியிலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிப் படம் பிடித்துப் போனார்கள். கடைசியில் அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. இந்த வருடத்து ஃபோல்டர்கள் இதன்படிதான் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதைத் திறந்து பார்த்தவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருந்தது. பக்கம் பக்கமாகக் கூர்மையான அடைப்புகள், அவற்றுக்குள் சொற்கள். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தபின்தான் பிடிபட்டது: கட்டடம் என்று ஒரு குறி திறக்கிறது, அது மூடுவதற்குள் மாடி திறக்கிறது, மாடி மூடுவதற்குள் அறை. பெட்டிக்குள் பெட்டி. இத்தனை வருடமாக அவள் கையால் செய்துவந்ததையேதான் இந்தக் கோப்பு எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியானால் இதைப் படித்து ஃபோல்டரை உண்டாக்கும் வேலையைக் கணினியே செய்யலாமே.

சாப்பாட்டு இடைவேளைகளில் இணையத்தில் பாடம் கேட்டுக் கேட்டு, கணினிக்கு வரிசையாகக் கட்டளை சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். முதல் முறை ஓடவிட்டபோது இரண்டாயிரம் ஃபோல்டர்களும் வரிசையில்லாமல் ஒரே இடத்தில் வந்து கொட்டின. மூன்றாம் முறை வேறு கூத்து: ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என்று கிணறு தோண்டினாற்போல் போய்க்கொண்டே இருந்து, பாதை நீளமாகிவிட்டது, இனி முடியாது என்று கணினி கையை விரித்தது. யோசித்துப் பார்த்தாள். குறி திறந்தால் உள்ளே போகச் சொல்லியிருந்தாள். குறி மூடினால் ஒரு படி மேலே ஏறி வா என்று சொல்ல மறந்திருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு வரியைச் சேர்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி ஓடவிட்டாள். நான்கு நொடி. இரண்டு வாரத்து வேலை நான்கு நொடியில் முடிந்து, கட்டடம், மாடி, அறை, கருவி என்று அச்சுப் பிசகாமல் நின்றது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் எண்ணிக்கையையும் பார்த்தாள். போன வருடம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. இப்போது இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது.

அறுபத்துமூன்று கூடுதல்.

ஸ்கிரிப்ட்தான் எங்கோ இரட்டிப்பாகச் செய்திருக்கிறது என்று நினைத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மறுபடி அறுபத்துமூன்று. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். முதல் கட்டடம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. நான்காவதான பின்கட்டடத்தில் முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி எல்லாம் சரி. அதற்கு அடுத்து, புதுப் பட்டியலில் நான்காம் மாடி என்று இருந்தது. பழைய பட்டியலில் மூன்றாம் மாடிக்குப் பிறகு ஐந்தாவது கட்டடம் தொடங்கியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடத்தைத் திறந்தாள். நான்காம் மாடி இல்லை. அதற்கு முந்தின வருடம். இல்லை. அதற்கும் முந்தினது. இல்லை. ஒன்பது வருடம் பின்னால் போனாள். ஒன்பதிலும் இல்லை. பத்தாவது வருடத்தில் அந்தக் கட்டடமே இல்லை; ஒன்பது வருடத்துக்கு முன்புதான் பின்கட்டடம் கட்டி முடித்துத் திறந்தார்கள்.

அந்த முதல் வருடத்து ஃபோல்டர்கள் எப்போது உண்டாயின என்று கணினியில் பார்த்தாள். மூன்றாம் மாடியின் கடைசி ஃபோல்டர் உண்டான நேரம் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. ஐந்தாவது கட்டடத்தின் முதல் ஃபோல்டர் அடுத்த திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் புதன்கிழமை பகலில்தான் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி கிடக்க, பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தவள், விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக நினைத்து அடுத்த கட்டடத்தில் தொடங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தவறையும் சிரத்தையாகப் படியெடுத்திருக்கிறாள்.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அண்ணே, பின்கட்டடம் நாலாவது மாடி... அங்க டெஸ்டுக்கு யார் போறா?"

"நாலாவதா? அது நம்ம லிஸ்ட்ல இல்லையேக்கா."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். ஃபோல்டர் இருந்தாத்தானே ஆள் அனுப்புவேன். புதுக் கட்டடமாச்சே, மேல் மாடிய கட்டினவங்களே பாத்துக்கறாங்கன்னு நெனச்சோம். ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"ஒரு தடவை என்கூட வாங்க. இப்பவே."

பின்கட்டடத்தின் நான்காம் மாடியில் எழுந்து நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். முதுகெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கட்டுப் போட்ட இரண்டு கால்களும் கம்பியில் தொங்கக் கிடந்தவர்கள். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர். லிஃப்ட் கதவு திறந்ததும் சோப்பும் மருந்தும் கலந்த வாசனை வந்தது. யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வழக்கம்போல அமைதியாக இருந்தது.

தாதிமாரிடம் சோதனை என்று சொல்லிவிட்டு, ஃபோர்மேன் ஏணி போட்டு ஏறி முதல் கருவியில் சோதனைப் புகையை அடித்தார். வெள்ளையாக ஒரு குட்டி மேகம் கூரையில் மோதிக் கலைந்தது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் இல்லை. இன்னொரு முறை அடித்தார். இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். பதினான்கு கருவிகளில் மூன்றுதான் கத்தின. மற்றவற்றுக்குள் தூசியும் பூச்சிக்கூடும்.

தாழ்வாரத்து முனையில் இருந்த அலாரப் பெட்டியில், பழுது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒலிவாயை வெள்ளை மருத்துவ டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

"இது யாரு ஒட்டினது?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

"நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சு சார்" என்றாள் ஓர் இளம் தாதி. "விடாம பீப் பீப்னு கத்திட்டே இருக்குமாம். நோயாளிங்க தூங்க முடியலன்னு ஒட்டிட்டாங்களாம்."

ஆக்சிஜன் வால்வின் சக்கரத்தை ஃபோர்மேன் பிடித்துத் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். அவசரப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினார். நான்கு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஃபோர்மேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாகக் கரண்ட்டோடு புழங்கிய மனிதர், வியர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, ஒரு பொறி போதும்க்கா. ஒரே ஒரு பொறி" என்றார்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ ஓங்கி அறைந்தபின் சத்தம் மட்டும் காதுக்குள் நிற்குமே, அப்படி இருந்தது. எதிர்க் கட்டிலில் கால்கள் இரண்டும் கம்பியில் தொங்கப் படுத்திருந்த ஒரு பெண், "என்னம்மா, லைட்டு ரிப்பேரா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்ட் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

தன் அறைக்கு வந்ததும் ஒரு கேள்வி குடைந்தது. ஒன்பது வருடம் அந்த மாடியில் இருந்தவர்கள் ஒருவர்கூடவா கேட்டிருக்க மாட்டார்கள்? மாடிகளிலிருந்து பிரிவுக்கு வரும் கடிதங்களைப் படமெடுத்து, அந்தந்த மாடியின் ஃபோல்டரில் போடுவதும் அவள் வேலைதான். மாடிக்கு ஃபோல்டர் இல்லையென்றால்? எங்கே போட்டிருப்பேன்?

கை தானாக 'மற்றவை' என்ற ஃபோல்டருக்குப் போனது. எங்கேயும் அடங்காததைப் போடும் இடம். மாதக் கடைசியில் எண்ணும்போது அதைச் சேர்ப்பதில்லை. நானூற்றுச் சொச்சம் கோப்புகள். 'நான்காம் மாடி' என்று தேடினாள்.

ஏழு கடிதங்கள். ஏழும் அவள் கையால் படமெடுத்து, அவள் கையால் தேதி போட்டு, அவள் கையால் உள்ளே வைத்தவை. ஏழையும் எழுதியவர் அப்போதைய தலைமைத் தாதி. இரண்டு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றுப் போனவர்.

முதல் கடிதம் மரியாதையாக இருந்தது: எங்கள் மாடிக்குச் சோதனைக்கு யாரும் வரவில்லை, தயவுசெய்து ஆள் அனுப்பவும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அதேதான். வாக்கியம் மட்டும் ஒவ்வொரு வருடமும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவதைப் படித்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

'நேற்று மாலை ஏழாம் அறையில் சுவிட்சுப் பலகை புகைந்து திரைச்சீலை பிடித்துக்கொண்டது. அலாரம் அடிக்கவில்லை. நோயாளி ஒருவர் கத்தியதால்தான் தெரிந்தது. விரிப்புகளை நனைத்துப் போட்டு நாங்களே அணைத்தோம். எல்லோரும் பத்திரம். இதன் பிறகாவது ஆள் அனுப்புங்கள்.'

நெருப்பே பிடித்திருக்கிறது. அதைச் சொல்லும் கடிதத்தைப் படமெடுத்து, கோணலாக இருந்ததால் ஒருமுறை திருப்பி நேராக்கி, மற்றவையில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருக்கிறாள். அந்த நாள் ஞாபகத்தில்கூட இல்லை. ஆறாவதும் ஏழாவதும் ஒரே ஒரு வரி. ஏழாவதற்குப் பிறகு அந்த அம்மாள் எழுதுவதையே விட்டுவிட்டார்.

கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் பெரிய இன்ஜினியரிடம் போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது உண்மை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் ஃபோர்மேன் அண்ணனுக்கும்தான் சார்."

"சரி. பதறாதம்மா. முதல்ல எல்லாத்தையும் சத்தம் போடாம மாத்திடுவோம். ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிடும்."

"அதுவரைக்கும் அந்த முப்பத்தெட்டுப் பேரு?"

"ஒன்பது வருஷம் ஒண்ணும் ஆகலையே. மூணு வாரத்துல என்ன ஆகிடப் போகுது?" குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அந்த ஸ்கிரிப்ட் எழுதினியே, அபாரம். அதுல வருஷத்த மட்டும் மாத்தினா பழைய வருஷத்துக்கும் ஃபோல்டர் போடும் இல்ல?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "போடும் சார்."

"அவ்வளவுதான். நாலாவது மாடிக்கு மட்டும் ஒன்பது வருஷத்துக்கும் போட்டுடு. உள்ள வைக்கிற தாளுக்கு நான் பொறுப்பு. அந்தக் கடிதங்க... மற்றவையிலதானே இருக்கு? யாரு போய்ப் பாக்கப் போறா. உன் வேலைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், யோசிச்சுப் பாரு."

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். கணினி முன் உட்கார்ந்தாள். ஸ்கிரிப்டைத் திறந்தாள். வருடம் மேலிருந்து ஆறாவது வரியில் இருந்தது, நான்கு இலக்கம். மாற்றி மாற்றி ஒன்பது தடவை விசையைத் தட்டினால் ஒன்பது வருடமும் நிரம்பிவிடும். ஐநூற்று அறுபத்தேழு ஃபோல்டர்கள். எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அவள் தப்பிப்பாள், ஃபோர்மேன் தப்பிப்பார், எல்லோரும் தப்பிப்பார்கள். கர்சர் அந்த வரியில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் கை விசைப்பலகைமேல்தான் இருந்தது. பிற்பாடு கணவரிடம் சொன்னபோதும் இதை மறைக்கவில்லை: கடைசி இலக்கத்தை அழித்தே விட்டாளாம்.

காலி ஃபோல்டரைப் பார்த்து ஆட்கள் போவார்கள் என்பதுதான் இத்தனை நாள் அவள் செய்த வேலையின் அர்த்தம். ஆள் போகாத இடத்துக்குப் போனதாகக் காட்ட அதே ஃபோல்டரைக் கேட்கிறார்கள். காலையிலிருந்து வந்த அதிர்ச்சிகளிலெல்லாம் பெரிய அதிர்ச்சி, தான் அதற்குக் கை வைத்ததுதான். அழித்த இலக்கத்தைத் திரும்பத் தட்டினாள். கணினியை அணைத்தாள். அச்செடுத்த கடிதங்களைச் சுருட்டிக்கொண்டு முதல் கட்டடத்துக்கு நடந்தாள். தலைமை மருத்துவர் ஓர் அம்மாள். அவர் அறை வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவள் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தாள்.

"பின்கட்டடம் நாலாவது மாடிய நான் விட்டுட்டேன் டாக்டரம்மா. ஒன்பது வருஷமா" என்றாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அதுதான் முதலில் வந்தது.

டாக்டரம்மா கடிதங்களை வாங்கிப் படித்தார். ஐந்தாவதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப அங்க எத்தனை பேர்?"

"முப்பத்தெட்டு."

போனை எடுத்தார். அன்று இருட்டுவதற்குள் முப்பத்தெட்டுப் பேரையும் கட்டிலோடு முதல் கட்டடத்துக்கு மாற்றினார்கள். லிஃப்ட்டில் ஒரு தடவைக்கு ஒரு கட்டில்தான் கொள்ளும். சமையலறை ஆட்கள், காவலாளிகள், ஃபோர்மேன், அவருக்குக் கீழிருந்த எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் தள்ளினார்கள். மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்க அவளும் தள்ளினாள். லைட்டு ரிப்பேரா என்று கேட்ட பெண், "இவ்வளவு பெரிய ரிப்பேரா?" என்றாள். இந்த முறை அவளால் பொய் சொல்ல முடியவில்லை. கட்டிலைத் தள்ளி முடிப்பதற்குள் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் முழுதும் கேட்டார். கடைசியில், "வேலை போயிடுமா?" என்றார்.

"போகலாம்."

"போனா போகட்டும். நீ மொதல்ல சாப்பிடு." தட்டைக் கொண்டுவந்து வைத்தவர், அவளால் விரல்களை மடக்க முடியாததைப் பார்த்துவிட்டு, கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. ஒன்பது வருடத்துப் பட்டியலிலும் பெரிய இன்ஜினியர், சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த வருடம் எத்தனை மாடி என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற தலைமைத் தாதியையும் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வெளியே தாழ்வாரத்து பெஞ்சுகளில் அவளும் அவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. அந்த அம்மாள்தான் முதலில் பேசினார்.

"என் லெட்டர் எல்லாம் உங்க கைக்குத்தான் வந்துச்சா?"

"ஆமா சிஸ்டர்."

"படிச்சீங்களா?"

"தலைப்ப மட்டும் படிச்சேன். எங்க போடணும்னு தெரியறதுக்காக."

தலைமைத் தாதி தன் இடது சட்டைக்கையை முழங்கை வரை மெல்ல மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து மேலே, உருகி உறைந்தாற்போல் பளபளப்பாக ஒரு தழும்பு.

"எல்லோரும் பத்திரம்னு எழுதினேன். இத எழுதல. புலம்பற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்." சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "உங்க மேல கோபம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களா போய்ச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். ஏழு வருஷம் எழுதினதுக்கு மொத மொதல்ல ஒரு பதில் வந்த மாதிரி இருந்துச்சு."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து தலைமைத் தாதியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரிய இன்ஜினியரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். ஃபோர்மேனுக்கு எச்சரிக்கை. அவளுக்குக் கடுமையான கண்டனம் ஒன்றை எழுத்தில் கொடுத்து, பட்டியல் வேலையிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். போதாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது; யாரிடமும் சொல்லவில்லை. தபால் பிரிவில் அவள் வேகம் குறைவு என்று ஒரு புகார் உண்டு. கடிதங்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறாளாம்.

ஸ்கிரிப்டை மட்டும் டாக்டரம்மா விடவில்லை. அதே நிர்வாகத்தின் கீழிருந்த மற்ற ஏழு மருத்துவமனைகளும் புதிதாகக் கணக்கெடுத்து, தத்தம் பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டு, கூடவே அவள் ஸ்கிரிப்டையும் அனுப்பினார். எப்படி ஓடவிடுவது என்று அவள் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, கீழே தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் காலை, அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. அறிமுகமில்லாத ஆண் குரல். வேறொரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"அக்கா, உங்க ஸ்கிரிப்ட ஓடவிட்டேன். ஏதோ தப்பா வருதுன்னு நினைக்கிறேன். பழைய லிஸ்டைவிட இருநூத்துப் பத்து ஃபோல்டர் கூடுதலா காட்டுது."

அவள் கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தாள்.

"அழிச்சிட்டு இன்னொரு தடவை ஓடவிட்டுப் பாத்தீங்களா தம்பி?"

"மூணு தடவை பாத்துட்டேன்க்கா. அதே இருநூத்துப் பத்துதான் வருது."

"எந்த மாடி?"

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"குழந்தைங்க வார்டுக்கா" என்றார்.

"போனை வைக்காதீங்க" என்றாள் அவள், எழுந்து நின்றுகொண்டு. "ஃபோர்மேன் பக்கத்துல இருக்காரா? அவரையும் கூட்டிக்கிட்டு இப்பவே மேல ஏறுங்க. நான் லைன்லயே இருக்கேன்."